சிவில் துறைக்கு வர விரும்புவோர் கற்க வேண்டிய கம்பிக் கணக்கு

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு சிவில் டிப்ளமோ முடித்தவர்கள், பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதைத் தமிழ்நாட்டில் பல பெற்றோர் இன்னும் அறியாதிருப்பது வருத்தமளிக்கிறது. பிளஸ் டூ வழியே வருவோருக்கு 200-க்கான கட் ஆஃபில் கணிதத்திற்கு மட்டுமே 100.

எவ்வழியில் வந்தாலும், விடுமுறையில் ஒரு மாதமாவது கட்டுமானத் தளத்தில் நின்று, வரைபடத்தைப் பார்த்துக் கம்பியின் அளவையும் எடையையும் கணக்கிடக் கற்றுக்கொள்ளுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும், 12 மி.மீ. கம்பிக்கு அது சுமார் 0.89 கிலோ. நேர்காணலில் இதைத் தயங்காமல் சொல்பவர் தளத்தில் நின்று பழகியவர் என்பது கேட்பவருக்கு உடனே புரிந்துவிடும்.