பூனையிடம் பேசும் அம்மா: கதையில் சூழல், தொனி, உரையாடல்

கதையில் "அவள் மிகவும் சோகமாக இருந்தாள்" என்று எழுதியிருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள். சோகம் என்ற சொல்லே இல்லாமல் அந்தப் பக்கத்தை எழுத வரவில்லையென்றால், காட்சி இன்னும் உங்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

ஒரு காட்சி வைத்துக்கொள்வோம். மகன் வேலைக்காகக் கோலாலம்பூர் போகிறான், அக்கரையில் பட்டர்வொர்த்தில் ரயில் ஏற வேண்டும், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் ஜெட்டியில் பெர்ரிக்காக அவனும் அம்மாவும் நிற்கிறார்கள். சங்கப் புலவர்கள் இதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டார்கள்: நெய்தல் என்றால் கடலோரம், பொழுது எற்பாடு (வெயில் சாயும் நேரம்), உரிப்பொருள், அதாவது பாட்டின் உணர்வு, இரங்கல் (பிரிவை நினைத்து வருந்துவது). ஆகவே அவனைக் காலை பத்து மணிக்கு ஏற்றிவிடாதீர்கள், வெயில் சாய்ந்த பிறகு ஏற்றுங்கள், பாதி வேலையை இடமும் பொழுதும் பார்த்துக்கொள்ளும். கூடவே டீசல் வாடை, ஒரு காகம், ஒரு பூனை, போதும். மேலே அடுக்கினால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும். (1985க்கு முன் நடக்கிற கதையா? அப்போது தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலம் கிடையாது, கார்கூட பெர்ரியில்தான் வரும்.)

தொனி என்பது கதை சொல்கிறவரின் குரல். "அம்மா சோறு கட்டிக் கொடுத்தாள்" என்பது வெறும் தகவல். "அம்மா ஒரு பட்டாளத்துக்கே சோறு கட்டியிருந்தாள்" என்றால் செல்லக் கிண்டல். "அவனுக்கு இன்னும் ஏழு வயது என்ற நினைப்பிலேயே கட்டியிருந்தாள்" என்றால் கொஞ்சம் சலிப்பு. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாதீர்கள்.

உரையாடலில்தான் பலரும் சறுக்குகிறோம். "என்னை விட்டுட்டுப் போறியேடா" என்று அம்மா நேராகச் சொல்லிவிட்டால் காட்சி அங்கேயே முடிந்துவிட்டது. அகப்பாடல்களில் தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பது தெரிந்தே, அவன் காதில் விழட்டும் என்று தோழி தலைவியிடம் பேசுவாள், சிறைப்புறம் என்பார்கள். நம் வீட்டு அம்மாக்கள் இதைப் படிக்காமலே செய்கிறார்கள். ஜெட்டியில் அந்தப் பூனை இருக்கிறதல்லவா, அதனிடம் பேச விடுங்கள்:

"நீயும் பெரிய ஊருக்குப் போறியா? போ, போ. அங்க யாரு ஒனக்கு மீன் தலை வைக்கிறாங்கன்னு பாப்போம்."

"பசியாறிட்டியாம்மா?"

"எனக்கென்ன, அப்பவே ஆச்சு."

அவள் மத்தியானமிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை ஒரு பக்கம் முன்னாலேயே காட்டியிருந்தால், இதற்குமேல் "என்றாள் தழுதழுத்த குரலில்" எல்லாம் வேண்டாம். வெறும் "என்றாள்"கூடத் தேவைப்படாது.

இன்னொன்று, வரிக்கு வரி "லா" என்ற மலாய் அசையைத் தூவினால் மலேசியத் தமிழ் வந்துவிடாது. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) "தே ஓ கோசோங் ஒண்ணு, புங்குஸ்" (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், பார்சல்) என்கிறவன், திரும்பி அம்மாவிடம் பேசும்போது வேறு ஆள். எழுதி முடித்ததும் பெயர்களை மறைத்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள், மகன் பேசியதை அம்மா பேசியிருந்தாலும் பொருந்துகிறது என்றால் அந்த வரியை மாற்றுங்கள்.