ஆச்சியின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி?

"அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால், "கஷ்டந்தான்" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடும். ஒரு பொருளில் தொடங்குங்கள். பீடி சுற்றிய வீடென்றால் சொளவை (முறத்தை) மடியில் வைத்துவிட்டுக் கேளுங்கள்: எந்த வயதில் இலை வெட்டப் பழகினார், ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, காசு யார் கைக்குப் போனது, அண்ணன் பள்ளிக்கூடம் போனபோது தான் ஏன் போகவில்லை. பல பெண்களின் படிப்பு நின்ற இடம் அந்தச் சொளவுதான்.

வருஷத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1982இல் சத்துணவு, 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம். "ஆச்சி, வெள்ளம் வந்தப்போ மடியில யாரு இருந்தா?" என்றால் பிள்ளையின் வயதிலிருந்து மற்றதைக் கணக்கிடலாம்.

சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் அது. வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்கும். கிறிஸ்தவக் குடும்பமென்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் பதில் மாறும். எந்தத் தெருவில் செருப்போடு நடக்க முடியவில்லை, டீக்கடையில் யாருக்குத் தனி கிளாஸ் என்பதையெல்லாம் பழகிய பிறகு, தனியாக இருக்கும்போது கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. எழுதும்போது அவர் பேச்சைத் திருத்தாதீர்கள்; பிறரிடம் காட்டுமுன் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.