பிடி-எல்1 60% என்றால் 60% புற்றுநோயா? நுரையீரல் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபரேஷன் முடிந்து பேத்தாலஜி ரிப்போர்ட் கைக்கு வந்ததும், 'பிடி-எல்1: 60%' என்ற வரியைப் பார்த்துப் பதறிப்போகிறவர்கள் உண்டு. 60 சதவீதம் பரவிவிட்டது என்றோ, பிழைக்க 60 சதவீதம்தான் வாய்ப்பு என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு. பிடி-எல்1 என்பது நம் டி செல்களை (புற்றுநோயைத் தாக்கும் நோயெதிர்ப்பு செல்கள்) அடக்கிவைக்கப் புற்றுநோய் செல்கள் பயன்படுத்தும் ஒரு புரதம். பரிசோதித்த துண்டில் 100 புற்றுநோய் செல்களுக்கு 60 அதைக் காட்டின, அவ்வளவுதான்.

ஆரம்பநிலையில் நோயின் போக்கைச் சொல்வதில் ஸ்டேஜுக்குத்தான் முதலிடம்: கட்டி எவ்வளவு பெரியது, நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறதா. டிஎன்எம் என்ற ஸ்டேஜ் வகைப்பாட்டின் 8-ஆம் பதிப்பின் கணக்கில், ஆபரேஷனுக்குப் பின் 1ஏ1 (மிக ஆரம்ப ஸ்டேஜ்) என்று உறுதியானவர்களில் 5 ஆண்டு தாண்டியவர்கள் 90%, அதைவிட முற்றிய 2பி-யில் 56%. பிடி-எல்1 போன்ற நோயெதிர்ப்பு அடையாளங்களை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த அடையாளங்களுக்கு மதிப்பு உண்டு. கட்டிக்குள் லிம்போசைட்டுகள் (பி, டி செல்கள் போன்ற வெள்ளையணுக்கள்) அடர்த்தியாகப் புகுந்திருப்பது நல்ல அறிகுறி. பி செல்களும் டி செல்களும் கட்டிக்குள்ளேயே ஒரு குட்டி நிணநீர் முடிச்சு போலக் கூடியிருந்த நோயாளிகள் நீண்ட காலம் வாழ்ந்ததை பாரிஸ் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். ஆனால் 'அப்படியென்றால் கீமோ வேண்டாமே' என்று முடிவெடுப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. நோய் எப்படிப் போகும் என்பது ஒரு கேள்வி, இந்த மருந்து பலன் தருமா என்பது வேறு கேள்வி. ஆபரேஷனுக்குப் பிந்தைய கீமோ சோதனைகளின் மாதிரிகளை லேஸ்-பயோ என்ற ஆய்வுக் குழு ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டது. லிம்போசைட்டுகள் நிறைந்திருந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். ஆனால் கீமோவால் யாருக்குப் பலன் கிடைக்கும் என்பதை அந்த அடர்த்தியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சிறு பயாப்ஸித் துண்டை வைத்து முழுக் கட்டியையும் எடைபோடுவதும் சரியல்ல. பிரிட்டனின் ட்ரேசர்எக்ஸ் ஆய்வு (2020) ஒரே கட்டியின் பல பகுதிகளைச் சோதித்தது. ஒரு பகுதியில் நோயெதிர்ப்பு செல்கள் நெருக்கமாக இருக்க, இன்னொரு பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. வெறிச்சோடிய பகுதிகள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்தும் அதிகம்.

அப்புறம், 'இம்யூனிட்டி' பொடி, கஷாயம் குடித்தால் கட்டிக்குள் டி செல்கள் பெருகும் என்பதற்குச் சான்று கிடையாது. சிகிச்சை நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பிடி-எல்1 அதிகம் என்றதும் இம்யூனோதெரபிக்கு (நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டிவிடும் சிகிச்சை) ஓடுவதும் தவறு. முதலில் கட்டியின் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுப் பரிசோதனை முடிவுகளைக் கேளுங்கள். இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள கட்டிகளில், பிடி-எல்1 எவ்வளவு இருந்தாலும், இம்யூனோதெரபி பெரும்பாலும் சரியாக வேலை செய்வதில்லை. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் அதைக் குறிவைக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரை இருக்கிறது. அந்த மாத்திரையைச் சோதித்த அடாரா ஆய்வில் 2 முதல் 3ஏ நிலை வரை உள்ளவர்களில், அதை எடுத்தவர்களில் 5 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 85%, எடுக்காதவர்களில் 73%. இம்யூனோதெரபி ஊசி போட்ட கையோடு இந்த மாத்திரையைத் தொடங்கினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. அதனால் அந்த மரபணு ரிப்போர்ட் வரும்வரை முதல் ஊசியைத் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.