டோங்காரிரோ போகிறீர்களா? கிளம்பும் முன்பே நடக்கும் தவறுகள்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் உள்ள டோங்காரிரோ தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் ஒரே ஒரு நடைக்காகத்தான் போகிறார்கள். டோங்காரிரோ ஆல்பைன் கிராசிங். சுமார் 20 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பயணத் திட்டத்தில் இதற்கு ஒரே ஒரு நாளை ஒதுக்குவதுதான், என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு. "செவ்வாய் நடை, புதன் அடுத்த ஊர்" என்று அறை போட்டுவிட்டால், செவ்வாய்க்கிழமை காற்று சுழற்றி அடித்தாலும் ஏறத்தான் மனசு சொல்லும். அருகிலுள்ள ஊர்களான துராங்கியிலோ நேஷனல் பார்க் வில்லேஜிலோ இரண்டு மூன்று இரவு தங்குங்கள். அதில் நல்ல நாளைப் பார்த்து ஏறுங்கள்.

வானிலையையும் ஊருக்குப் பார்த்தால் போதாது, மேட்டுக்குப் பார்க்க வேண்டும். நடை தொடங்கும் மங்காடெபோபோ சுமார் 1,120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியின் உச்சியான ரெட் கிரேட்டர் என்ற எரிமலைப் பள்ளம் 1,886 மீட்டர். அந்த வித்தியாசத்திலேயே வெப்பநிலை ஐந்து டிகிரி போல இறங்கிவிடும். காற்றின் குளிர் அதற்கு மேல் தனி. ஒதுங்க ஒரு மரம்கூட அங்கே கிடையாது. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் வேண்டும், கோடையிலும்.

ஏற்றத்தை நினைத்தே பயந்துவிட்டு இறக்கத்தை மறப்பவர்கள் நிறைய. ரெட் கிரேட்டர் விளிம்பிலிருந்து எமரால்டு ஏரிகளுக்கு இறங்கும் சரிவு முழுக்க உதிரி எரிமலைச் சரளை. காலை வைத்தால் கல்லோடு சேர்ந்து நாமும் சரிவோம். உடம்பைப் பின்னால் சாய்த்து நடந்தால் வழுக்கி உட்கார வேண்டியதுதான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை அழுத்திக் குத்தி, சின்னச் சின்ன எட்டாக இறங்க வேண்டும். ஓட்டப் பயிற்சிக்கு வாங்கிய, அடிப்பாகம் தேய்ந்த ஷூ இங்கே உதவாது. வழியில் குடிநீரும் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் சுமந்தே ஆக வேண்டும்.

அடுத்தது கார். இது வட்டப் பாதை அல்ல. ஓரிடத்தில் தொடங்கி கெடெடாஹியில் முடியும். நடக்க ஏழு மணி நேரம், ஆனால் கூட்டம் மிகுந்த பருவத்தில் மங்காடெபோபோவில் வண்டி நிறுத்த 4 மணி நேரம்தான் அனுமதி. முடியும் பக்கத்தில் ஏதாவது தனியார் நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு, ஷட்டில் வேனில் தொடக்கத்துக்குப் போவது புத்திசாலித்தனம். கடைசி வேனைப் பிடிக்க முழங்கால் வலியோடு ஓட வேண்டியிருக்காது.

மாதத்திலும் ஏமாறாதீர்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். பனிக்கோடரியும் காலணியில் மாட்டும் முள்தட்டும் பயன்படுத்தத் தெரியாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் அப்போது ஏறக் கூடாது.

இவ்வளவும் பார்த்துவிட்டு, அது எரிமலை என்பதையே சிலர் மறந்துவிடுகிறார்கள். 2012 ஆகஸ்டில் டோங்காரிரோவின் தே மாரி எரிமலைப் பள்ளம் வெடித்தபோது பறந்த பாறைகள் கெடெடாஹி குடிலின் கூரையைத் துளைத்தன. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் மறுபடி வெடித்தது பட்டப்பகலில், பாதையில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தபோது. ஆகவே புறப்படும் காலையில் நிலநடுக்கம், எரிமலைகளைக் கண்காணிக்கும் நியூசிலாந்து அமைப்பான ஜியோநெட்டின் எரிமலை எச்சரிக்கை நிலையைப் பாருங்கள்.

இந்தச் சிகரங்கள் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்குப் புனிதமானவை. 1887இல் நாத்தி தூஃபாரெடோவா மக்களின் தலைவர் தே ஹெயுஹெயு துகினோ கொடையாகக் கொடுத்ததிலிருந்து பிறந்த பூங்கா இது. ஏரியில் கால் நனைப்பதும், வழியருகே நிற்கும் ஙாஉருஹோயே எரிமலையின் உச்சியில் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். ட்ரோனும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. மண் ஒட்டிய மலையேற்ற ஷூவைப் பெட்டியில் போடும் முன் நன்றாகக் கழுவிவிடுங்கள். வெளி மண்ணோடு கிருமியும் விதையும் உள்ளே வராமல் தடுக்கத்தான் இது; நியூசிலாந்துக்குள் நுழையும் பயணிகள் நிரப்பும் அறிவிப்புப் படிவத்திலும் மறக்காமல் குறிப்பிடுங்கள். சொல்லாமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.