ரோண்டாவில் மெதுவாக ஒரு நாள்: சுங்கை சிப்புட் தம்பதிகளுக்கு

பிள்ளைகள் வேலைக்குப் போனதும் "நீங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போயிட்டு வாங்க" என்று டிக்கெட் போட்டுக் கொடுக்கிற காலம் இது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் அது பெரும்பாலும் பத்து நாளில் ஏழு நாடு என்கிற பேக்கேஜாகத்தான் முடிகிறது, திரும்பி வந்தால் பஸ் ஜன்னல்தான் ஞாபகம். ஸ்பெயின் வரைக்கும் போகிறீர்கள் என்றால் ரோண்டாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், முடிந்தால் அங்கேயே ஓர் இரவு தங்குங்கள். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை.

தெற்கே அந்தலூசியாவில், மலாகா மாகாணத்து மலைகளுக்குள் சுமார் 740 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு எல் தாஹோ என்ற ஆழமான பள்ளம், அடியில் குவாதலெவின் ஆறு. மலாகாவிலிருந்து பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம், வளைவு அதிகம், தலைசுற்றல் உள்ளவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். ரயிலும் உண்டு. 1890களில் ஆங்கிலேயக் கம்பெனி போட்ட பாதை அது, ஜிப்ரால்டர் பக்கமிருந்து மேலே வருவதற்காக. நம்மூர்த் தைப்பிங்கில் 1885ல் ரயில் விட்ட அதே காலத்து ஆட்கள்தானே, எங்கே போனாலும் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஊர் நேரக்கணக்கு தோட்டத்துக் கணக்குதான்: காலையில் வேலை, உச்சி வெயிலில் வீட்டுக்குள், சாயங்காலம் வெளியே. மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், அந்த நேரத்தில் ஷாப்பிங் கிளம்பாதீர்கள். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் ஆறு மணி நேரம், குளிர்காலத்தில் ஏழு மணி நேர வித்தியாசம் என்பதால் முதல் சில நாள் இருட்டிலேயே கண் விழித்துவிடும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்து பழகிய குடும்பத்துக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் ஏப்ரல், அக்டோபரில் விடியவே எட்டு மணி ஆகும், அவசரப்பட்டுக் கிளம்பி இருட்டில் நிற்க வேண்டாம்.

வெளிச்சம் வந்ததும் நேராகப் புதுப் பாலத்துக்குப் போங்கள். புவெந்தே நுவேவோ என்ற பெயர்தான் புதுசு, 1751ல் தொடங்கி 1793ல் முடித்தது. அதற்கு முன் அவசரமாகக் கட்டிய ஒரு பாலம் 1741ல் இடிந்து சுமார் ஐம்பது பேர் செத்தார்கள், அதனால்தான் அடுத்த தடவை நாற்பது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் போலும். உயரம் 98 மீட்டர். நடு வளைவுக்கு மேலே உள்ள அறை ஒரு காலத்தில் சிறை. பதினொரு மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்து இறக்கிவிட்டால் கைப்பிடிச் சுவர் பக்கமே போக முடியாது, அதனால் இதை முதலில் பாருங்கள். அப்புறம் பசியாறலாம்: தக்காளி அரைத்துத் தடவி ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி, பால் காப்பி. நம்மூர் ஆற்றிய பால் டீ, தே தாரே கிடைக்காது, தேடாதீர்கள்.

பிறகு பாலத்தைத் தாண்டி லா சியுதாத் என்கிற பழைய பகுதிக்குள் நடங்கள். சந்துகள் குறுகல், சரிவு, கல் பாவிய தரை, செருப்பு சரிப்படாது. ஆண்களுக்கு ஒரு வார்த்தை: வழக்கம்போலப் பத்தடி முன்னால் போகாதீர்கள், ஒரு வளைவு திரும்பினால் வீட்டுக்காரம்மாவைக் காணோம் என்று ஆகிவிடும். கீழே இறங்கினால் 1616ல் கட்டிய பழைய பாலம், அதற்குக் கொஞ்சம் கீழே 13ஆம் நூற்றாண்டு அரபுக் குளியல் கூடம். நட்சத்திர வடிவ ஓட்டைகள் வழியாக வெளிச்சம் விழும் அந்தக் கூரைக்குக் கீழே அரை மணி நேரமாவது இருங்கள். கழுதை சுற்றிச் சுற்றிச் சக்கரத்தை ஓட்டி ஆற்றுத் தண்ணீரை ஏற்றிய அமைப்பையும் பார்க்கலாம். மூர் அரசன் (ஒரு காலத்தில் இங்கே ஆண்ட முஸ்லிம்கள்தான் மூர்கள்) வீடு என்று ஒன்று உண்டு, பாறைக்குள் வெட்டிய சுமார் 200 படி ஆற்றுவரை இறங்கும். ஈரம், செங்குத்து. இருவரில் ஒருவருக்கு மூட்டு வலி என்றாலும் விட்டுவிடுங்கள், மேலே தோட்டம் இருக்கிறது.

1785ல் திறந்த காளைச் சண்டை அரங்கம் பிரபலம்தான். எனக்கு அதில் ஈடுபாடில்லை, கட்டடம் பிடிக்கும் என்றால் போங்கள்.

சாப்பாடுதான் நம்மவர்களுக்குச் சிக்கல். மதியச் சாப்பாடு இரண்டு மணி வாக்கில். ராபோ தெ தோரோ என்று மெனுவில் இருந்தால் அது மாட்டு வால், மாடு சாப்பிடாதவர்கள் கவனம். ஹமோன் என்பது உப்பில் உலர்த்திய பன்றித் தொடை, கீரையிலும் முட்டையிலும்கூடத் தூவி வரும். "சின் கார்னே", இறைச்சி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் போதாது, "சின் ஹமோன்" என்றும் சொல்லுங்கள். நான் சிபாரிசு செய்வது பொரித்த கத்திரிக்காய் மேல் கரும்புப் பாகு ஊற்றியது, அப்புறம் கீரையும் கொண்டைக்கடலையும். சாப்பிட்டு முடித்தும் பில் வராது, மறந்துவிடவில்லை, கேட்டால்தான் தருவார்கள். "லா குவென்தா, போர் ஃபாவோர்." கேட்காமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், நாள் முழுக்க அதற்காகத்தானே வந்தது.

பிறகு அறைக்குப் போய்த் தூங்குங்கள். குடும்ப வாட்ஸ்அப்புக்குப் படம் அனுப்புவதையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

ஐந்தரைக்கு மேல் பகல் கூட்டம் கிளம்பியிருக்கும். அலமேதா தெல் தாஹோ பூங்காவுக்குப் போங்கள், மலை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிகள் மேற்கு நோக்கியவை. பக்கத்திலேயே மெர்சேத் தேவாலயம், அங்குள்ள கன்னியாஸ்திரீகள் இனிப்பு விற்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் புனிதர் ஆவிலா தெரேசாவின் கை அங்கேதான் பாதுகாக்கப்பட்டு இருக்கிறது, ஸ்பெயினை ஆண்ட பிராங்கோ சாகும்வரை தன்னிடமே வைத்திருந்தது அது. இனிப்பில் பெரும்பாலும் முட்டை உண்டு.

இரவில் குளிரும், கேமரன் மலைக்கு எடுத்துப்போகிற ஜாக்கெட்டைவிடத் தடிமனானது எடுங்கள். சாப்பாட்டுக்கு எட்டரைக்கு முன் போனால் பல கடைகளில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். மறுநாள் பஸ் டிக்கெட்டை மட்டும் வந்திறங்கிய அன்றே வாங்கிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு.