கணினி ஓட்டும் கப்பல் அணியைத் திட்டுவதற்கு முன்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் போதும், யாழ்ப்பாணத்தில் கடற்போர் விளையாட்டு ஆடுகிற பிள்ளைகளிடம் ஒரே முறைப்பாடுதான்: கணினிக்குக் கப்பல் ஓட்டத் தெரியவில்லை, வரிசையைக் குலைக்கிறது, ஒன்றோடொன்று முட்டுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கணினிக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தை அது பிசகாமல் செய்கிறது. நாம் கொடுக்கிற கட்டளைதான் பெரும்பாலும் அதற்குள் அடங்குவதில்லை.

அணிக்கு ஒரு தலைமைக் கப்பல் இருக்கும். மற்றக் கப்பல்களுக்கு அதிலிருந்து இத்தனை தூரம், இந்தப் பக்கம் என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் தன் இடத்தைப் பிடிக்கப் பார்க்கும், பக்கத்துக் கப்பலோடு மோதாமல் விலகப் பார்க்கும். பறவைக் கூட்டத்தைக் கணினித் திரையில் பறக்கவிட கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் வெளியிட்ட மூன்று விதிகளும் (நெருங்கினால் விலகு, அயலாரின் திசையைப் பின்பற்று, கூட்டத்தை விட்டுப் பிரியாதே) இதே குடும்பத்தவைதான். எந்தக் கப்பலும் போரை நினைத்து ஓடுவதில்லை, தன் இடத்தை நினைத்தே ஓடுகிறது.

அதிகம் பேர் சறுக்குவது திருப்பத்தில். கப்பல்கள் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும்போது தலைமைக் கப்பலைச் சட்டென்று திருப்பினால், வெளி ஓரத்தில் இருப்பது மிக நீண்ட வளைவை ஓட வேண்டும். உள் ஓரத்தில் இருப்பதோ ஏறத்தாழ நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். இரண்டுக்கும் அது முடியாத காரியம். நிஜக் கடலிலும் இப்படி நடந்திருக்கிறது. 1893 ஜூன் 22 அன்று, லெபனானின் திரிப்போலி கடற்பகுதியில், பிரித்தானிய மத்தியதரைக் கடற்படை இரண்டு வரிசைகளாக வந்துகொண்டிருந்தது. இடைவெளி ஏறத்தாழ 1,100 மீற்றர். இரண்டு வரிசைகளும் உட்பக்கமாகத் திரும்பட்டும் என்று அட்மிரல் டிரையன் உத்தரவிட்டார். அத்தனை பெரிய கப்பல்கள் திரும்ப அந்த இடைவெளி போதாது. மற்ற வரிசையை நடத்திய மார்க்கம் தயங்கினார். எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று சமிக்ஞையில் கேள்வி வந்ததும் கீழ்ப்படிந்தார். மார்க்கமின் கப்பலான கெம்பர்டவுன், டிரையன் இருந்த விக்டோரியாவின் வலப்பக்க முன்பகுதியில் இடித்தது. டிரையன் உட்பட 358 பேர் இறந்தார்கள். விளையாட்டில் உள்ள கணினி அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து விலகுகிறது. அதைத்தான் நாம் "வரிசையைக் குலைக்கிறது" என்கிறோம்.

ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புவதும், எல்லாம் ஒரே நேரத்தில் திரும்புவதும் வெவ்வேறு கட்டளைகள். இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்திருக்கும் விளையாட்டில்கூட இதைக் கவனிக்காதவர்கள் பலர். முதலாவதில் வரிசை குலையாது, ஆனால் எல்லாக் கப்பல்களும் ஒரே புள்ளியில் திரும்புவதால் எதிரிக்குக் குறி பார்ப்பது எளிது. 1905இல் ரஷ்யர்களுடன் நடந்த சுஷிமா கடற்போரில் ஜப்பானிய அட்மிரல் டோகோ துணிந்து எடுத்த அபாயம் இதுதான். இரண்டாவதில் சட்டென்று தப்பலாம். 1916இல் பிரித்தானியருடன் நடந்த ஜட்லாந்து கடற்போரில் ஜெர்மன் அட்மிரல் ஷீர் தன் படையை அப்படித்தான் மீட்டார். ஆனால் கடைசிக் கப்பல் முதல் கப்பலாகிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

அணி கலைவதைக் கண்டதும் சுட்டியைத் தட்டிக்கொண்டே இருப்பதும் வேண்டாம். ஒவ்வொரு தட்டலுக்கும் கணினி பாதையைப் புதிதாகக் கணக்கிடும், கப்பல்கள் வட்டமடிக்கத் தொடங்கும். கட்டளை கொடுத்தால் கொஞ்சம் பொறுங்கள்.

வேகத்தைக் கலப்பதும் பழக்கமான பிழை. அணியின் வேகம் என்பது அதிலுள்ள மிக மெதுவான கப்பலின் வேகம். சுஷிமாவில் பழைய கப்பல்களையும் இழுத்துக்கொண்டு ரஷ்யர்கள் மணிக்கு ஏறத்தாழ 9 கடல் மைல் வேகத்தில் வர, ஜப்பானியர் 15இல் ஓடி வேண்டிய இடத்தைப் பிடித்தார்கள். அடிபட்ட கப்பலை உடனே அணியிலிருந்து பிரித்துவிடுங்கள். தலைமைக் கப்பலே அடிபட்டால் இன்னும் அவசரம். ஜட்லாந்தில் வார்ஸ்பைட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் சுக்கான் சிக்கிக்கொண்டு, எதிரியின் குண்டு மழைக்கு நடுவே அது இரண்டு முறை வட்டமடித்தது. உங்கள் தலைமைக் கப்பலுக்கு அப்படி நேர்ந்தால் பின்னால் வருகிறவை அதையே தொடர்ந்து போகக்கூடும்.

ஒடுக்கமான கால்வாய் வேறு தொல்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடற்கோட்டை நிற்கிறதே, அப்படியொரு வாய் வரைபடத்தில் வந்தால், பாதை பெரும்பாலும் தலைமைக் கப்பலுக்கே கணக்கிடப்படும். பக்கத்துக் கப்பலுக்குக் குறித்த இடம் தரையில் விழும். அது தீவைச் சுற்றிக்கொண்டு எதிரியின் மடியில் போய் நிற்கும். வாய்க்குள் நுழையும் முன்பே ஒற்றை வரிசைக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, ஓடுகிற எதிரியைத் துரத்துவது. பல விளையாட்டுகளில் கணினி இருபக்கப் பலத்தையும் ஒப்பிட்டு, குறைவு என்று கண்டால் விலகும். பயந்துவிட்டான் என்று பெரிய கப்பல்களை நேரே விரட்டினால், அதன் நாசகாரிகள் (சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) டோர்பிடோக்களை விட்டுச்செல்லும் நீரிலேயே நாம் நுழைவோம். ரூல் த வேவ்ஸ் போன்ற விளையாட்டில் அணிகளுக்குப் பொறுப்பு பிரித்துக் கொடுக்கலாம். துரத்தலுக்கு முன்பே உங்கள் நாசகாரிகளைக் காவலுக்கு முன்னே போடுங்கள். டோர்பிடோ வந்துவிட்டால் வாலைக் காட்டித் திரும்புங்கள். பிரித்தானியப் படையை நடத்திய ஜெலிகோ ஜட்லாந்தில் அதைத்தான் செய்தார். எதிரியைத் தப்பவிட்டார் என்று அவரை ஆண்டுக்கணக்கில் வறுத்தெடுத்தார்கள். விளையாட்டில் நம்மை விசாரிக்க ஆளில்லை, வெட்கப்படாமல் திருப்பலாம்.