முன்னுரை கடைசியில் வரட்டும்

ஆய்வுக் கட்டுரை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முன்னுரையில்தான் வாரக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். அதைத் தள்ளிவையுங்கள். முதலில் அட்டவணைகள், அடுத்து ஆய்வுமுறை. தாமிரபரணி நீரைச் சோதிப்பவர் என்றால், பாபநாசத்திலும் சீவலப்பேரியிலும் மாதிரி எடுத்த தேதி, நேரம், பாட்டில் எண், பிஎச் அளவு எல்லாம் நோட்டில் இருக்கும். சோதனை நடக்கும் வாரத்திலேயே அந்தப் பகுதியை எழுதிவிடலாம். ஆறு மாதம் கழித்து நினைவைத் தோண்டுவது வீண் வேலை. மேற்கோள் விவரங்களைப் படிக்கும்போதே ஸொடேரோவில் (Zotero) சேர்த்துவிடுங்கள், மேற்கோள்களைத் தொகுத்துவைக்கும் இலவச மென்பொருள்தான். அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் எழுத முடியாது (ஜன்னலோர இருக்கை கிடைத்தாலும்!), அச்செடுத்த பக்கங்களைத் திருத்தலாம். நெறியாளருக்குப் பகுதி பகுதியாக அனுப்புங்கள். அவர் மேசையில் அது கிடக்கும் நாட்களில் அடுத்த பகுதியை முடித்துவிடலாம்.